வீட்டுக்கு வராத துப்பாக்கி

சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் புளோக்கின் நடைபாதையில் நின்றால் எதிர் புளோக்கின் எண் பெரிதாகத் தெரியும். குறிசுடுதல் பழக ஆசைப்பட்டு என்னிடம் யார் வந்தாலும் முதலில் அங்கேதான் கொண்டுபோய் நிறுத்துவேன். இரு கைகளையும் முன்னால் நீட்டுங்கள். விரல்களைச் சேர்த்து நடுவில் சின்ன முக்கோண இடைவெளி விடுங்கள். இரண்டு கண்களும் திறந்திருக்க, அந்த இடைவெளி வழியே எதிர் புளோக்கின் எண்ணைப் பாருங்கள். இப்போது இடக்கண்ணை மட்டும் மூடுங்கள். எண் இருந்த இடத்திலேயே இருந்தால் உங்களுக்கு வலக்கண் ஓங்கிய கண். எண் விரலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் இடக்கண்.

காசு செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமலே துப்பாக்கி வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். வலக்கைப் பழக்கமும் இடக்கண் ஓங்குதலும் ஒருவரிடம் சேர்ந்திருப்பது அரிதான விஷயமே இல்லை. அப்படிப்பட்டவர் இடப்பக்கத் துப்பாக்கியில் பழகலாம், அல்லது இடக்கண்ணுக்கு முன்னால் மறைப்புத் துண்டு மாட்டிக்கொண்டு வலப்பக்கத்திலேயே சுடலாம். எந்த வழி என்று முடிவு செய்யாமல் பணத்தைக் கையில் எடுக்கக் கூடாது. இந்த அத்தியாயம் முழுக்க நான் சொல்லப்போவதும் இதுதான்: துப்பாக்கியை உங்கள் உடம்புதான் தேர்ந்தெடுக்கும், அதற்கு அவகாசம் கொடுங்கள்.

சட்டத்தை முதலில் படியுங்கள்

அமெரிக்காவிலோ சுவிட்சர்லாந்திலோ இருக்கும் உறவினர் வீட்டுப் பெட்டகத்தில் துப்பாக்கி வைத்திருப்பார். அதைப் படம் பிடித்து உங்களுக்கும் அனுப்பியிருப்பார். சிங்கப்பூரில் அந்த எண்ணத்தை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றங்கள் சட்டம், உரிமம் இல்லாமல் ஒரு துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தாலே ஐந்து முதல் பத்து ஆண்டு வரை சிறையும் குறைந்தது ஆறு பிரம்படியும் விதிக்கிறது. காற்றுத் துப்பாக்கியும் இந்தச் சட்டத்தின் கண்ணில் ஆயுதம்தான். ‘பெல்லட்தானே, வெடிமருந்து இல்லையே’ என்ற பேச்சுக்கு இங்கே இடம் கிடையாது. இரண்டுக்கு மேற்பட்ட ஆயுதங்களைச் சட்டவிரோதமாக வைத்திருப்பவரை ஆயுதக் கடத்தல்காரர் என்றே சட்டம் அனுமானிக்கும். கடத்தலுக்குத் தண்டனை மரணம், அல்லது ஆயுள் சிறையும் பிரம்படியும். சேகரிப்பில் ஆர்வமுள்ளவர் இந்த வரியை இரண்டு முறை படிக்க வேண்டும்.

ஜொகூருக்கு 170ஆம் எண் பேருந்தில் போய் வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே கடையில் தொங்கும் பிளாஸ்டிக் குண்டுத் துப்பாக்கி, ஜெல் உருண்டைத் துப்பாக்கி, அசல்போலவே இருக்கும் மாதிரித் துப்பாக்கி எதையும் பிள்ளை ஆசைப்பட்டான் என்று வாங்கி வராதீர்கள். கைத்துப்பாக்கி வடிவ சிகரெட் லைட்டருக்குக்கூட இந்த நாட்டுக்குள் அனுமதி இல்லை. இணையத்தில் வாங்கினால் பொட்டலம் வந்து சேருமுன் கேள்வி வந்து சேரும். துப்பாக்கி, அதன் பாகம், பெல்லட் என்று எதை வெளிநாட்டிலிருந்து தருவிப்பதாக இருந்தாலும் காவல்துறையின் உரிமப் பிரிவைத் தாண்டித்தான் வர வேண்டும். 2021இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துப்பாக்கி, வெடிபொருள், ஆயுதக் கட்டுப்பாட்டுச் சட்டமும் இதே கண்டிப்பில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

அப்படியானால் எப்படித்தான் சுடுவது? கிளப்பில் சேர வேண்டும். துப்பாக்கி கிளப்பின் ஆயுத அறையில் பூட்டியிருக்கும். நீங்கள் போய்க் கையெழுத்திட்டு எடுத்து, சுட்டு, துடைத்து, திரும்ப ஒப்படைத்து வருவீர்கள். அது உங்கள் சொந்தப் பணத்தில் வாங்கிய துப்பாக்கியாக இருந்தாலும் இதே நடைமுறைதான். தொடக்கத்தில் இது எனக்கு மனக்குறையாக இருந்தது. இப்போது இல்லை. எங்கள் வீட்டில் பேரப்பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள். அலமாரியைப் பற்றிய கவலையே இல்லாமல் தூங்குகிறேன்.

எங்கே போவது

நம் வட்டாரத்துக்கு அருகில் இருப்பது பழைய சுவா சூ காங் சாலையிலுள்ள தேசியத் துப்பாக்கி சுடும் நிலையம். எல்ஆர்டியில் பீனிக்ஸ், டெக் வாய், கியட் ஹோங் வழியாகச் சுவா சூ காங் வந்து, அங்கிருந்து 172ஆம் எண் பேருந்து. போகும்முன் அழைத்து நேரம் கேட்டுவிடுங்கள். ஏப்ரல் தொடக்கத்தில் சீனர்கள் முன்னோர் கல்லறைக்குப் போகும் சிங் மிங் வார இறுதிகளில் அந்தப் பக்கச் சாலைகள் நிரம்பி வழியும், அப்போது ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். தேசிய சேவை முடித்தவர்களுக்கு யீஷூன் சாஃப்ராவில் உள்ளரங்கக் காற்றுத் துப்பாக்கித் தளம் இருக்கிறது. குளிர்சாதனம் உண்டு, மழைக் கவலை இல்லை. தொடக்கக்காரருக்கு அதுவே நல்லது.

சேவைக் காலத்தில் எஸ்ஏஆர்-21 படைத் துப்பாக்கியில் சுட்டு மார்க்ஸ்மேன் பட்டை வாங்கியவர்கள் ‘எனக்குத்தான் தெரியுமே’ என்று வருவார்கள். அவர்கள் கொண்டுவரும் நல்ல பழக்கம் ஒன்று உண்டு. பயிற்சி முடிந்து களத்தை விட்டு வெளியேறும்போது, என்னிடம் தோட்டாவோ காலி உறையோ அவற்றின் பகுதியோ இல்லை என்று உரக்கச் சொல்லிப் பழகியவர்கள் அவர்கள். அந்த ஒழுங்கை வாழ்நாள் முழுக்க வைத்துக்கொள்ளலாம். சட்டைப்பையில் ஒரு பெல்லட்கூடத் தங்காதபடி கிளம்பும்முன் தட்டிப் பார்க்க வேண்டும். ஆனால் சுடும் முறையில் பாதியை மறந்தே ஆக வேண்டும். படையில் மனித உருவத்தை நோக்கி, நேரக் கணக்கில், தரையில் கிடந்து சுட்டோம். இங்கே பத்து மீட்டரில் நின்றுகொண்டு ஒரு புள்ளியைத் தேடப்போகிறோம்.

ரைஃபிளா, பிஸ்டலா

பத்து மீட்டர் காற்று ரைஃபிள் குறிபலகையின் பத்தாம் வட்டம் அரை மில்லிமீட்டர் அகலம். இந்தப் பக்கத்தில் இந்த வாக்கியத்தின் முடிவில் இருக்கும் முற்றுப்புள்ளியைப் பாருங்கள், ஏறக்குறைய அவ்வளவுதான். பெல்லட்டின் விட்டமோ 4.5 மில்லிமீட்டர். பிஸ்டலுக்குப் பத்தாம் வட்டம் 11.5 மில்லிமீட்டர், ஒரு சட்டைப் பொத்தான் அளவு. பிஸ்டலுக்கு ஏன் இந்தச் சலுகை? அதை ஒரே கையில், நீட்டிய கையில், எந்தத் தாங்கலும் இல்லாமல் பிடிக்க வேண்டும். ரைஃபிளுக்குத் தோளும் கன்னமும் இரண்டு கைகளும் இடுப்பெலும்பும் துணைக்கு வரும்.

போட்டியில் இரண்டுக்கும் 60 குண்டு, 75 நிமிடம். ரைஃபிளில் ஒவ்வொரு குண்டுக்கும் தசம மதிப்பெண், நட்டநடுவில் பட்டால் 10.9, ஆக முழு மதிப்பெண் 654. பிஸ்டலின் தகுதிச் சுற்றில் முழு எண்தான், 600க்கு. கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் காற்று ரைஃபிளில் 630.7 எடுத்தார். சராசரியாக ஒவ்வொரு குண்டும் 10.5க்கு மேல். அப்படியும் பத்தாவது இடம்தான். இறுதிச் சுற்றுக்கு எட்டுப் பேருக்கு மட்டுமே வழி. பெண் பிள்ளைக்குத் துப்பாக்கி எதற்கு என்று தயங்கும் பெற்றோர் அவரைப் பற்றித் தேடிப் படிக்கட்டும். அவர் பயின்ற பயிற்சிக்கூடத்தை நிறுவியவர், சென்னையில் பிறந்து 2012 லண்டனில் வெண்கலம் வென்ற ககன் நாரங்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால் என் பதில் இது. முதுகுவலி உள்ளவர் பிஸ்டலுக்குப் போங்கள். ரைஃபிள் நிலையில் முதுகெலும்பைப் பின்னாலும் பக்கவாட்டிலும் வளைத்து மணிக்கணக்கில் நிற்க வேண்டும், 5.5 கிலோ வரை எடை அனுமதி உண்டு. அதோடு தடித்த ஜாக்கெட், கால்சட்டை, தட்டையான காலணி, கையுறை என்று உடைச் செலவும் பெரிது. கணக்கும் நுணுக்கமும் பிடித்தவர், எதையும் அங்குலம் அங்குலமாகச் சரிசெய்து பார்க்கிறவர் ரைஃபிளில் சொக்கிப்போவார். பிஸ்டலில் நேற்றைய மனநிலை இன்றைய அட்டையில் அப்படியே தெரியும். நான் பிஸ்டல்காரன், என் பதிலில் சார்பு இருந்தால் கழித்துக்கொள்ளுங்கள்.

50 மீட்டர் பாயின்ட் டூ டூ ரைஃபிளும், பறக்கும் களிமண் தட்டைச் சுடும் டிராப்பும் இருக்கின்றன. புதுக்கோட்டை அரச குடும்பத்தின் பிரித்விராஜ் தொண்டைமான் பாரிஸில் சுட்டது டிராப். காற்றுத் துப்பாக்கியில் இரண்டு ஆண்டாவது நின்ற பிறகு அவற்றைப் பற்றி யோசியுங்கள்.

வாங்குவதும் விற்பதும்

முதல் ஆறு மாதம் எதுவும் வாங்காதீர்கள். கிளப் துப்பாக்கியிலேயே சுடுங்கள். உங்கள் பணத்தில் முதலில் வாங்க வேண்டியவை மூன்று: உங்கள் கண்ணுக்கு ஏற்ற கண்ணாடி, அடிப்பாகம் தட்டையான காலணி, ஒரு நோட்டுப் புத்தகம். அப்புறம்தான் துப்பாக்கி.

ஃபைன்வெர்க்பாவ், வால்தர், அன்ஷூட்ஸ், ஸ்டெயர், மோரினி, பார்டினி என்று பெயர்கள் காதில் விழும். போட்டித் தரத் துப்பாக்கிக்குச் சில ஆயிரம் வெள்ளி ஆகும். அந்தத் தரத்தில் எந்தக் குழலும் உங்களைவிடத் துல்லியமானது. ஆகவே குழலைப் பற்றிய வாதங்களை நண்பர்களிடம் விட்டுவிட்டுப் பிடியைப் பாருங்கள். பிஸ்டலில் மரப்பிடி சிறிது, நடுத்தரம், பெரிது என்று அளவுகளில் வரும். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டுங்கள். கண்ணைத் திறக்கும்போது முன் குறிமுள் பின் குறிப்பள்ளத்தின் நடுவில் தானாக வந்து நிற்க வேண்டும். இடமோ வலமோ விலகி நின்றால், மணிக்கட்டைத் திருப்பிச் சரிசெய்யாதீர்கள், பிடியைச் சரிசெய்யுங்கள். மரத்தூள் கலந்த பசையைப் பூசியும் அரத்தால் தேய்த்தும் தன் உள்ளங்கைக்கு ஏற்பப் பிடியைச் செதுக்கிக்கொள்வது பிஸ்டல்காரர்களின் வழக்கம். என் பிடியில் கட்டைவிரல் பள்ளத்தைச் சரியாக்க ஒரு மழைக்காலம் முழுக்கப் பிடித்தது. ரைஃபிளிலும் அப்படித்தான். கன்னத் தாங்கியின் உயரம், தோள் தட்டின் நீளம், இரண்டும் பொருந்தினால் கழுத்து வளையாமல் தலை நேராக நிற்கும்.

பழைய துப்பாக்கி வாங்குவது இங்கே சாதாரணம், கெட்டிக்காரத்தனமும்கூட. ஆனால் துப்பாக்கியைக் கைமாற்றுவது தொலைபேசியை விற்பது மாதிரி ஆகாது. விற்பவர், வாங்குபவர் இருவரும் உரிமத்துக்குள் இருக்க வேண்டும், கிளப் நிர்வாகம் அறிந்திருக்க வேண்டும், எழுத்து வேலை முடியும்வரை துப்பாக்கி இருந்த தாங்கியிலேயே இருக்கும். முன்பணம் கொடுக்கும்முன் கிளப் செயலாளரிடம் போய் நிற்பதுதான் முறை.

நான் பட்ட அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். வெகுநாள் முன்பு ஒருவரிடம் பழைய பிஸ்டல் ஒன்றை வாங்கினேன். குழல் பளபளவென்று இருந்தது. விசை வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கியது. பத்துக் குண்டு சுட்டுப் பார்த்தேன், ஒரே ஓட்டை. அன்றே ஒப்புக்கொண்டேன். முதல் போட்டியில் கருவிச் சோதனை மேசையில் நடுவர் காற்றுக் கலனைக் கழற்றித் திருப்பி, அதில் பொறித்திருந்த தேதியைச் சுட்டிக்காட்டினார். தயாரித்துப் பத்து ஆண்டு என்ற வரம்பைத் தாண்டியிருந்தது. அன்று நான் சுடவில்லை. புதுக் கலன் வந்து சேரும்வரை வாங்கிய பிஸ்டல் தாங்கியில் சும்மா கிடந்தது. விற்றவர் அதைச் சொல்லியிருக்கலாம். நானும் கேட்டிருக்க வேண்டும். உள்ளே 200 பார் அழுத்தத்தில் காற்றை அடைத்து கையில் பிடிக்கும் ஒரு பொருளுக்குத் தேதி என்பது வெறும் சடங்கு கிடையாது.

ஆகவே பழையதைப் பார்க்கும்போது கலனின் தேதியைத்தான் முதலில் பாருங்கள். அடுத்தது, வரிசை எண் காகிதத்தோடு ஒத்துப்போகிறதா என்பது. கலனை நிரப்பி அழுத்தமானியின் முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொண்டு, அடுத்த வாரம் வந்து பாருங்கள். முள் இறங்கியிருந்தால் எங்கோ வளையம் தேய்ந்து கசிகிறது. அதை மாற்றுவது சின்ன வேலைதான், ஆனால் விலையில் கழிக்க வேண்டிய வேலை. பிஸ்டல் விசை 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும். சோதனை எடையைத் தொங்கவிட்டுப் பாருங்கள், விசை விழுந்தால் போட்டிக்கு ஆகாது. பிடிக்கட்டையில் முடிபோன்ற விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். நீங்கள் இடக்கையராக இருந்து துப்பாக்கியில் வலப்பிடி இருந்தால், இடப்பிடி மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று முன்கூட்டியே விசாரியுங்கள்.

விற்கும்போது நீங்களும் இவ்வளவையும் சொல்லி விற்க வேண்டும். ஒரே ஆயுத அறை, ஒரே ஆட்கள். மறைத்து விற்றவர் முகத்தைத்தான் அடுத்த சனிக்கிழமை பக்கத்துத் தடத்தில் பார்க்க வேண்டியிருக்கும்.

இறக்கி வைப்பது

எனக்குச் சொல்லிக்கொடுத்த மூத்தவர் அதிகம் பேச மாட்டார். பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். நான் கையை நீட்டி, மூச்சைப் பாதியில் நிறுத்தி, குறிமுள் அலைவதைப் பார்த்துக்கொண்டே, இப்போது சுட்டுவிடலாம், இப்போது, இப்போது என்று இழுத்துக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து குரல் வரும்: “இறக்கு தம்பி.” சில நாள் அறுபது குண்டுக்கு நூறு தடவை இறக்கச் சொல்லியிருப்பார்.

கையை உயர்த்தி, குறிபலகைக்கு மேலிருந்து மெல்ல இறங்கி, கறுப்பு வட்டத்துக்குக் கீழே நிற்கிறோம். நல்ல நிலைப்பு அடுத்த ஐந்தாறு நொடிக்குள் வந்துவிடும். அதற்குள் விசை தானாக விழுந்திருக்க வேண்டும். எட்டு நொடி தாண்டினால் கண்ணில் பிம்பம் உறைந்துவிடும், தசையில் நடுக்கம் தொடங்கும், மனம் மட்டும் ‘இவ்வளவு நேரம் நின்றுவிட்டோமே’ என்று அடம்பிடிக்கும். பதறாத காரியம் சிதறாது என்று வீட்டில் சொல்லி வளர்த்தார்கள். அதன் பொருள் எனக்கு இந்தத் தடத்தில்தான் கையெலும்பில் இறங்கியது.

கண் எங்கே இருக்க வேண்டும் என்பது அடுத்த பாடம். பிஸ்டலில் குறிபலகையைப் பார்க்கக் கூடாது. முன் குறிமுள்ளின் விளிம்பு கத்திபோல் கூர்மையாகத் தெரிய வேண்டும், கறுப்பு வட்டம் மங்கலாக மிதக்கட்டும். வட்டம் தெளிவாகத் தெரிந்தால் முள் மங்கிவிட்டது என்று அர்த்தம். முள் ஒரு மயிரிழை சாய்ந்தாலே பத்து மீட்டரில் எட்டாம் வட்டம். கை முழுவதும் அப்படியே சற்று அசைந்தால்கூட ஒன்பதுக்குள் நிற்கும். சிறு அசைவுக்கு அஞ்சாதீர்கள், உலகச் சாம்பியன் கையும் அசைகிறது.

குண்டு போன பிறகும் ஒன்றிரண்டு நொடி அப்படியே நில்லுங்கள். 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியின் காற்று ரைஃபிள் இறுதிச் சுற்றை இங்கே நினைத்துக்கொள்வேன். நம் மார்ட்டினா வெலோசோவும் இந்தியாவின் 17 வயது மெஹுலி கோஷும் களத்தில். கடைசிக் குண்டில் மெஹுலி அடித்தது 10.9, அதற்கு மேல் ஒரு மதிப்பெண்ணே இல்லை. வென்றுவிட்டதாக நினைத்து அந்தப் பெண் துப்பாக்கியை வைத்துவிட்டு மகிழ்ந்தாள். பலகையிலோ இருவருக்கும் 247.2. மீண்டும் எடுக்கச் சொன்னார்கள், ஆளுக்கு ஒரு குண்டு. மார்ட்டினா 10.3, மெஹுலி 9.9. தங்கம் சிங்கப்பூருக்கு வந்தது. எனக்குப் பெருமைதான், ஆனாலும் அந்தச் சிறு பெண்ணுக்காக இன்றும் மனம் இளகும். ஒரு தடவை தளர்ந்த உடம்பை அரை நிமிடத்தில் திரும்பக் கட்டுவது எவ்வளவு கடினம் என்று நின்று சுட்டவர்களுக்குத் தெரியும்.

துப்பாக்கி வீட்டுக்கு வராவிட்டாலும் பயிற்சி வீட்டுக்கு வரும். போட்டிப் பிஸ்டல் ஒன்று ஏறத்தாழ ஒரு கிலோ. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் கழுத்தைப் பிடித்துக் கையை நீட்டுங்கள், சுவரில் ஒட்டிய காகிதப் பொட்டுக்கு நேரே பத்து நொடி, இறக்கி முப்பது நொடி ஓய்வு. இருபது முறை. பொம்மைத் துப்பாக்கி வைத்துப் பழகலாமா என்று கேட்பார்கள். வேண்டாம், பாட்டில் போதும்.

சேகரிப்பு ஆசை உள்ளவர்களுக்கு

பழைய ஆயுதங்களின் வேலைப்பாட்டில் மனம் போகிறதா, கண்ணால் சேகரியுங்கள். சென்டோசாவின் சிலோசோ கோட்டையில் கடற்கரைப் பீரங்கிகளைத் தொட்டுப் பார்க்கும் தூரத்தில் பார்க்கலாம். ஊருக்குப் போகும்போது சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் தஞ்சை அரண்மனை ஆயுதசாலையிலிருந்து வந்த ஆயுதங்களைப் பார்த்துவிட்டு வாருங்கள். அதற்கு அரை நாளை ஒதுக்குங்கள்.

வீட்டில் நான் சேர்த்திருப்பவை குறியட்டைகளும் நோட்டுப் புத்தகங்களும். ஒவ்வொரு நாளும் தேதி, உடல்நிலை, முந்தைய இரவின் தூக்கம், எத்தனை தடவை இறக்கினேன், பத்துக்குள் எத்தனை என்று எழுதியிருக்கிறேன். 19 நோட்டுகள் ஆகிவிட்டன. ஆயுத பூஜையன்று மற்றவர்கள் கத்தரியும் கணினியும் வைக்கும் இடத்தில் நான் அந்த ஆண்டின் நோட்டையும் சுடும் கண்ணாடியையும் வைத்துச் சந்தனம் இடுவேன்.

முதல் நாள்

அடையாள அட்டை, மூடிய காலணி, தண்ணீர். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள், காப்பியையும் அன்று ஒதுக்குங்கள், விரல் நடுங்கும். துப்பாக்கி யார் கையில் இருந்தாலும், காலியாக இருந்தாலும், குழல் எப்போதும் குறிபலகைப் பக்கம். சுடு என்ற சொல் வரும்வரை விரல் விசைக்கு வெளியே. நிறுத்து என்று யார் கத்தினாலும் நிறுத்துங்கள், ஏன் என்று பிறகு கேட்கலாம். முதல் நாள் அட்டையில் குண்டுகள் எங்கே விழுந்தன என்று பார்க்காதீர்கள், கூட்டமாக விழுந்தனவா என்று பாருங்கள். கூட்டம் இடப்பக்கம் கீழே கிடந்தாலும் பரவாயில்லை, குறிமுள்ளைத் திருகி நடுவுக்குக் கொண்டுவந்துவிடலாம். சிதறியிருந்தால் திருகி நகர்த்த ஒன்றுமில்லை, அடுத்த வாரமும் வாருங்கள்.

பெல்லட் ஈயம். முடித்ததும் சவர்க்காரம் போட்டு முழங்கைவரை கைகழுவி, முகம் கழுவி, அதன் பிறகுதான் சாப்பாடு. சட்டைப்பையைத் தட்டிப் பார்த்துவிட்டு 172ஐப் பிடியுங்கள். அட்டையின் பின்புறத்தில் தேதி எழுத மறக்க வேண்டாம்.